மலைநாட்டு வாக்குரிமைக்கு வாதாடிய கோ. நடேசையர்

ஒருவர் ஓரிடத்திலே பிறந்து, அவ்விடத்திலே உழைத்து, அவ்விடத்து மண்ணிலேயே அடங்குவாராயின், அங்குள்ள பாதையையும் கிணற்றையும் சுடலையையும் பற்றிப் பேசும் உரிமை அவருக்கு உண்டோ என்னும் வினாவுக்கு விடை காண நீண்ட ஆராய்ச்சி வேண்டியதில்லை. ஆயினும், எமது நாட்டின் மத்திய மலைப்பகுதியிலே, தேயிலைத் தோட்டங்களின் லயன் அறைகளில் வாழ்ந்த இலட்சக் கணக்கானோர்க்கு அவ்வுரிமை இல்லை என்று சட்டத்திலேயே எழுதி வைத்த காலம் ஒன்றிருந்தது. அக்காலத்தில் அவர்கள் பொருட்டுச் சபைகளிலும் சந்தைகளிலும் அயராது வாதாடியவர் கோ. நடேசையர். கல்லூரியின் இவ்விழா மலரில் அப்பெரியாரின் வாழ்வைச் சுருக்கமாக எடுத்துரைக்க நாம் முற்படுகின்றோம். எமது பழைய மாணவருள் ஆசிரியராகவும், எழுதுவினைஞராகவும், வைத்தியராகவும் மலைநாட்டிற் பணியாற்றியோர் பலர். அவர்கள் உண்ட உப்பின் கடனும் இதனால் ஒரு சிறிது தீருமென நம்புகின்றோம்.

நடேசையர் 1887ஆம் ஆண்டிலே தஞ்சாவூர்ப் பகுதியில் அந்தணர் குடும்பமொன்றிற் பிறந்தவர். ஆங்கிலமுந் தமிழும் நன்கு கற்றுத் தேர்ந்த அவர், இளமையில் வணிகக் கல்வியில் நாட்டங் கொண்டு, அத்துறை பற்றித் தமிழில் எழுதியும், பத்திரிகைத் தொழில் பழகியும் வந்தார். 1915 அளவிலே கொழும்பிலிருந்த இந்திய வணிகர் தொடர்பினால் இலங்கைக்கு வந்தார். வந்தவரின் கருத்து கொழும்புக் கடைவீதியோடு நின்றுவிடவில்லை. தம் மாவட்டத்திலிருந்தும் அயல் மாவட்டங்களிலிருந்தும் கப்பலேறி வந்த ஏழை மக்கள் மலைமேல் எவ்வாறு வாழ்கின்றனர் என்று அறியும் அவா அவருக்கு உண்டாயிற்று.

அவ்வவாவை நிறைவேற்றுதல் எளிதன்று. அந்நாளில் தேயிலைத் தோட்டமென்பது தனக்கென எல்லையும் ஆணையும் உடைய ஒரு சிற்றரசு போன்றது. துரையின் அனுமதியின்றி அந்நியர் ஒருவர் உட்புகுந்தால், அத்துமீறிப் புகுந்த குற்றம் அவர்மேற் சுமத்தப்படும். துரைக்குக் கீழே கணக்கப்பிள்ளையும் பெரிய கங்காணியும் இருந்தனர். அவர்கள் கண்ணுக்குத் தப்பி லயத்துக்குள் ஒரு சொல்லும் நுழையாது. ஆனால், புடவை மூட்டையைத் தோளிற் சுமந்து வரும் வியாபாரிக்கு மாத்திரம் வாயில் திறந்திருந்தது. நடேசையர் புடவை வியாபாரி போல வேடம் பூண்டு தோட்டங்களுட் சென்று, லயங்களின் நிலைமையை நேரிற் கண்டார் என்பது அவர் வரலாற்றை எழுதினோர் யாவரும் குறிப்பிடும் செய்தியாகும். கண்டவற்றை அவர் தம்முள் வைத்துக்கொள்ளவில்லை, எழுதி வெளியிட்டார்.

1920ஆம் ஆண்டின்பின் அவர் இலங்கையையே தம் வாழ்விடமாகக் கொண்டார். தேசநேசன் என்னும் பத்திரிகையின் ஆசிரியராக இருந்து, பின் தேசபக்தன் என்னும் பத்திரிகையைத் தாமே நடத்தினார். ஆங்கிலத்திலும் பத்திரிகைகள் வெளியிட்டார். தோட்டத்துச் சம்பளக் கணக்கு, கங்காணியின் கடன் கணக்கு, கோர்ட்டு வழக்கு ஆகியவை தமிழ்ப் பத்திரிகையின் முதற்பக்கத்துக்கு வந்தமை அவராலேயாம். ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்கு மாறுபவரின் கடனைச் சீட்டில் எழுதி ஆளையே கைமாற்றும் துண்டு முறை 1921இற் சட்டத்தால் நீக்கப்பட்டிருந்தது. ஆயினும், சட்டம் நீங்கிய அளவில் வழக்கம் நீங்கிவிடாதென்பதை அவர் நன்கறிவார். ஆதலின், படிக்கத் தெரிந்த ஒருவர் படிக்க, ஏனையோர் சூழ இருந்து கேட்கத்தக்க எளிய நடையிலே அவர் தொழிலாளர்க்காக எழுதினார்.

அக்காலத்திற் கொழும்புத் தொழிலாளரின் தலைவராக விளங்கியவர் ஏ. ஈ. குணசிங்க அவர்கள். 1922இல் தொடங்கப்பட்ட அவரது இலங்கைத் தொழிற் சங்கத்தில் நடேசையரும் சேர்ந்து உழைத்தார். சிங்களத் தொழிலாளருந் தமிழ்த் தொழிலாளரும் ஒரே மேடையிற் கூடிய நாள்கள் அவை. ஒருவர் இந்தியாவிலிருந்து வந்தார், மற்றவர் இம்மண்ணிற் பிறந்தார் என்னும் பேதம் அப்போது பெரிதாகப் பாராட்டப்படவில்லை.

1924ஆம் ஆண்டின் அரசியலமைப்பின்படி சட்டநிரூபண சபையில் இந்தியர்க்கு இரண்டு ஆசனங்கள் ஒதுக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று வெற்றிடமாகவே, 1925இல் நடந்த இடைத்தேர்தலில் நடேசையர் வெற்றிபெற்றார். அன்றைய வாக்குரிமை எத்தகையது என்பதை இளைஞர் அறிதல் நன்று. வருமானமும், சொத்தும், எழுத்தறிவும் உடையார்க்கே வாக்கிருந்தது. நாட்டு மக்களுள் நூற்றுக்கு நால்வரே வாக்காளர். ஆகவே, நடேசையர் யாருக்காகப் பேசினாரோ அவர்களுட் பெரும்பாலார் அவருக்கு வாக்களிக்க இயலாதவர்கள். வாக்களித்தவர் வணிகரும் உத்தியோகத்தரும். வாதாடப்பட்டவரோ கொழுந்து பறிப்போரும் கவ்வாத்து வெட்டுவோரும். இம்முரண்பாடே அவர் சிந்தையைச் சர்வசன வாக்குரிமையின்பால் திருப்பியிருக்க வேண்டுமென நாம் கருதுகின்றோம்.

அவர் சபையிலிருந்த காலத்திலேயே 1927ஆம் ஆண்டின் இந்தியத் தொழிலாளர் சட்டம் நிறைவேறிக் குறைந்த அளவுச் சம்பளம் நிருணயிக்கப்பட்டது. 1929இல் மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் என விதிக்கப்பட்டது. உலகெங்கும் பொருளாதார மந்தம் பரவிய ஞான்று அச்சிறு தொகையும் குறைக்கப்பட்டது. சம்பளத்தை நிருணயிக்கும் சபையிற் சம்பளம் பெறுவோரின் குரல் ஒலிக்காவிடின், கொடுத்த கையே பறித்தலும் கூடும் என்ற பாடத்தை அம்மந்தம் யாவர்க்கும் புகட்டிற்று.

அம்மந்தம் மற்றொரு தீமையையும் விளைத்தது. கொழும்பிலே வேலையற்றோர் பெருகவே, வேலையைப் பறித்தவர் இந்தியரே என்னும் பிரசாரம் எழுந்தது. குணசிங்க அவர்களும் அப்பிரசாரத்தில் இறங்கினார். ஒரே மேடையில் நின்ற இருவரும் பிரிந்தனர். குணசிங்க பின்னாளிற் கொழும்பு மாநகர சபையின் மேயராக வீற்றிருந்தவர். நடேசையரோ தலைநகர அரசியலை விட்டு மலையேறினார். 1931ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஹற்றன் நகரிலே அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். தோட்டத் தொழிலாளர்க்கெனத் தோட்டங்களின் நடுவிலேயே எழுந்த முதற் சங்கம் அதுவாகும்.

அப்பணியில் அவருக்கு வலக்கரமாக விளங்கியவர் அவர்தம் துணைவியார் மீனாட்சி அம்மையார். கூட்டந் தொடங்குமுன் அம்மையார் பாடுவார்; பாட்டைக் கேட்டு மக்கள் கூடுவர்; கூடியபின் ஐயர் பேசுவார். தோட்ட எல்லைக்குள் அனுமதி இல்லையாதலால், பொது வீதியிலும், பட்டினத்துச் சந்தையிலும், சம்பள நாளை அடுத்துவரும் ஞாயிற்றுக்கிழமையிலும் அவர்கள் மக்களைச் சந்தித்தனர். பெண் ஒருத்தி மேடையேறிப் பாடுதலும் பேசுதலும் அரிதாயிருந்த அந்நாளில், கொழுந்துக்கூடை சுமந்த பெண்களின் உள்ளத்தை அம்மையாரின் குரல் எட்டியது போல வேறெக்குரலும் எட்டியிராது.

அவ்வாண்டிலேயே, 1931 யூன் மாதத்தில், டொனமூர் அரசியலமைப்பின்கீழ் அரசாங்க சபைக்கு முதன்முறையாகச் சர்வசன வாக்குரிமையுடன் தேர்தல் நடைபெற்றது. இந்திய வம்சாவளியினர்க்கு அவ்வுரிமை நிபந்தனையின்றி வழங்கப்படவில்லை. இந்நாட்டையே நிலையான வதிவிடமாகக் கொண்டவர் என்று நிறுவ வேண்டும். அன்றேல், ஐந்தாண்டு வாழ்ந்து, நிலையாகக் குடியிருக்கும் எண்ணமுண்டெனச் சான்றிதழ் பெற வேண்டும். அன்றேல், எழுத்தறிவும் வருமானமுங் காட்ட வேண்டும். இத்தடைகளைக் கடந்து ஏறத்தாழ ஒரு இலட்சம் இந்தியத் தமிழர் வாக்காளராகப் பதிவு பெற்றனர். ஹற்றன் தொகுதியிற் பெரி. சுந்தரம் அவர்கள் தெரிவாகித் தொழில், கைத்தொழில், வணிக அமைச்சராகவும் ஆயினார்.

இவ்விடத்தில் எம்மவரின் நடத்தையையும் ஒருகால் நினைத்தல் தகும். அதே தேர்தலை எமது வடபகுதி பகிஷ்கரித்தது. பூரண சுயராச்சியம் அன்று என்னுங் காரணத்தால், யாழ்ப்பாணம், ஊர்காவற்றுறை, காங்கேசன்துறை, பருத்தித்துறை ஆகிய 4 ஆசனங்களும் 1934 வரை வெறுமையாய்க் கிடந்தன. கொள்கைப் பற்றினால் நிகழ்ந்த அச்செயலை இழித்துரைப்பது எமது நோக்கமன்று. எனினும், கல்வியாற் சிறந்த நாம் வாக்கை வேண்டாமென்று ஒதுக்கிய அதே மாதத்தில், எழுத்தறியாத தோட்டத் தொழிலாளர் தமக்குக் கிடைத்த வாக்கை அரும்பொருளாகப் போற்றி மலைப்பாதையில் நடந்து சென்றனர் என்பது எமது சிந்தனைக்குரியது.

1936இல் இரண்டாம் அரசாங்க சபைத் தேர்தல் வந்தது. ஹற்றன் தொகுதியில் நடேசையர் போட்டியிட்டு வென்றார். அபேட்சகர் ஒவ்வொருவர்க்கும் ஒவ்வொரு நிறம் ஒதுக்கி, அந்நிறம் பூசிய பெட்டியில் வாக்கிடும் முறை அந்நாளில் வழங்கிற்று. பெயரை வாசிக்கத் தெரியாதவருந் தம் மனத்துக்கு இசைந்தவரைத் தெரிவுசெய்ய அது வழிகாட்டிற்று. அப்போது இந்திய வாக்காளர் தொகை 1,45,000 அளவினதாக உயர்ந்திருந்தது. தமக்கு வாக்களித்தவர்க்காகவே வாதாடும் பேறு நடேசையருக்கு அன்றுதான் வாய்த்தது.

அடுத்த ஆண்டில் நிகழ்ந்த இரண்டு நிகழ்ச்சிகளை ஒருங்கு வைத்து நோக்குதல் வேண்டும். 1937இற் கொழும்பு மாநகர சபைக்கு, அரசாங்கம் நியமித்த தலைவர் நீங்கி, உறுப்பினர் தாமே தெரிவுசெய்யும் மேயர் பதவி வந்தது. அப்பதவியை முதன்முதல் வகித்தவர் தமிழராகிய வைத்தியர் இரத்தினசோதி சரவணமுத்து அவர்கள். அதனைக் கேட்டு நாடெங்குந் தமிழர் மகிழ்ந்தனர். அவ்வாண்டிலேயே, உள்ளூராட்சி அமைச்சராயிருந்த எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க அவர்கள் கிராமச் சங்கச் சட்டத்தைத் திருத்தும் மசோதாவை அரசாங்க சபைக்குக் கொணர்ந்தார். முன்பு கிராமச் சங்க வாக்கிலிருந்து விலக்கப்பட்டிருந்த ஐரோப்பியரும் பறங்கியரும் அத்திருத்தத்தால் உள்ளே சேர்க்கப்பட்டனர். தோட்டத்தில் வாழும் இந்தியத் தொழிலாளர் மாத்திரம் வெளியே நிறுத்தப்பட்டனர்.

அரசாங்க சபைக்கு உறுப்பினரைத் தெரிவுசெய்யத் தகுதியுடையவன் கிராமச் சங்கத்துக்கு ஒருவரைத் தெரிவுசெய்யத் தகுதியற்றவன் என்பது எங்ஙனம் பொருந்தும்? தோட்டங்கள் தம் காரியங்களைத் தாமே பார்த்துக்கொள்கின்றன. பாதையுந் தண்ணீரும் வைத்தியமும் துரைமாரின் பொறுப்பு. ஆதலால் கிராமச் சங்கத்தோடு தொழிலாளர்க்குத் தொடர்பில்லை என்பது எதிர்ப்பக்கத்தின் நியாயம். வேறோர் அச்சமும் அதன்பின் இருந்தது. மலைநாட்டிற் பல பகுதிகளிலே தோட்டத்தார் தொகை கிராமத்தார் தொகையினும் மிக்கிருந்தமையால், வாக்களித்தால் சங்கங்கள் அவர் கைக்குப் போய்விடுமென்று கண்டிச் சிங்களக் கிராமத்தவர் அஞ்சினர். காணி இழந்து தோட்டங்களின் நடுவே ஒடுங்கிய அம்மக்களின் அச்சத்தை முற்றிலும் பொருளற்றதென நாமுங் கூறோம். ஆனால், அவர்கள் காணியை வாங்கியவரும் விற்றவரும் லயத்தில் வாழ்ந்த ஏழைகள் அல்லர்.

நடேசையரும் சபையிலிருந்த ஏனைய இந்திய உறுப்பினரும் அம்மசோதாவை எதிர்த்தனர். இந்திய அரசாங்கமும் தன் எதிர்ப்பைத் தெரிவித்தது. அதன் பயனாக மசோதா திருத்தப்பட்டது. ஆயின், திருந்திய விதம் வியப்புக்குரியது. இந்தியர் என்ற சொல் நீக்கப்பட்டு, தோட்ட இருப்பிடங்களில் வாழும் தொழிலாளர் எவர்க்கும், அவர் சிங்களவராயினும், வாக்கில்லை என்று ஆக்கப்பட்டது. சொல்லளவில் இனபேதம் மறைந்தது. செயலளவில் லயன் அறையின் கதவு மேலும் இறுக அடைக்கப்பட்டது. ஹற்றன் போன்ற பட்டினத்து எல்லைக்குட் கடை வைத்திருந்த தமிழருக்கு உள்ளூராட்சியில் இடமிருந்தது. அப்பட்டினத்தின் கடைசி வீட்டைத் தாண்டித் தேயிலைச் செடி தொடங்கும் இடத்தில் அவ்வுரிமை முடிந்தது. தொழிலாளி துரையின் எல்லையில் வாழ்ந்தமையால் ஊரவன் ஆகான் என்று சட்டம் துணிந்துவிட்டது.

நடேசையர் அவ்வழக்கிற் தோற்றார் என்றே வரலாறு கூறும். அதன்பின் வந்த ஆண்டுகளுந் துன்பம் மிக்கவையே. 1939இல் ஏறத்தாழ 2,25,000 ஆகப் பெருகிய இந்திய வாக்காளர் தொகை, பதிவு விதிகள் இறுக்கப்பட்டமையால் 1943இல் 1,68,000 அளவுக்குக் குறைந்தது. 1939 யூலையில் பண்டித நேரு அவர்களின் வருகையையொட்டி இலங்கை இந்திய காங்கிரஸ் தோன்றித் தோட்டங்களெங்கும் விரைந்து பரவிற்று. நடேசையர் அதனோடு ஒன்றுபட்டிலர். தனிவழியே நடந்து பழகிய அவர், பிறர் தலைமையின்கீழ் அடங்கி நடக்கும் இயல்பினர் அல்லர். அக்குறையால் அவர் கட்டிய சங்கம் தளர்ந்தது. அவர் பயிரிட்ட வயலை வேறு பலர் அறுவடை செய்தனர். பெரியாரின் வாழ்வை எழுதுங்கால் அவர்தங் குறையை மறைத்தல் முறையன்று. அதனால் அவர் பெருமை குன்றுவதுமில்லை.

1947இல் அரசாங்க சபை முடிவுற்றுப் பாராளுமன்றத் தேர்தல் நடைபெற்றபோது, இலங்கை இந்திய காங்கிரஸின் சார்பில் எழுவர் தெரிவாயினர். பதினாறு ஆண்டுகளுக்குமுன் ஹற்றனிலே ஏற்றிய விளக்கின் ஒளி எவ்வளவு தூரம் பரவியதென்பதற்கு அதுவே சான்று. அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் நடேசையர் இவ்வுலகை நீத்தார். அவர் மறைந்து ஓராண்டு கழியுமுன், 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலைநாட்டு மக்களுட் பெரும்பாலாரை நாடற்றவராக்கிற்று. 1949இல் வாக்குரிமையும் போயிற்று. கிராமச் சங்கத்தின் வாயிலில் 1937இல் நிறுத்தப்பட்டவர்கள், பன்னிரண்டு ஆண்டுக்குட் பாராளுமன்றத்தின் வாயிலிலும் நிறுத்தப்பட்டனர். சிறிய சபையில் ஒருவனுடைய உரிமையை மறுக்கப் பொறுத்துக்கொண்டால், பெரிய சபையிலும் அதனை மறுக்கும் நாள் தொலைவில் இல்லை என்பதே நடேசையரின் தோல்வி எமக்கு உணர்த்தும் உண்மையாகும். 1937இல் அத்தீங்கைச் சிறிதென்று எண்ணியிருந்தோர் நாட்டின் எல்லாப் பகுதிகளிலும் இருந்தனர். எமது பகுதியிலும் இருந்தனர்.

போன உரிமை சிறிது சிறிதாகவே மீண்டது. 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி பல இலட்சம் மக்கள் கடல்கடந்து அனுப்பப்பட்டனர். எஞ்சியோர்க்குப் பிரசாவுரிமை 1988ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் வழங்கப்பட்டது. கிராமச் சபைகள் நீங்கி, 1987ஆம் ஆண்டுச் சட்டத்தாற் பிரதேச சபைகள் அமைந்தபோது, தோட்டத்து மக்கள் உள்ளூராட்சி வாக்காளராயினர். 1991இல் அச்சபைகளுக்கு முதற் தேர்தல் நடைபெற்றது. ஆயினும், அச்சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்ட எல்லைக்குட் சபையின் பணத்தைச் செலவிடுவதற்குத் தடையாக நின்றது. வாக்களிக்கலாம், வரிசையில் நிற்கலாம். தான் தெரிவுசெய்த சபை தன் லயத்துக்குப் பாதை போடுதல் மாத்திரம் இயலாது என்னும் விந்தை நிலை 2018 வரை நீடித்தது. அவ்வாண்டில் அப்பிரிவு திருத்தப்பட்டது. அவ்வாண்டுத் தேர்தலுக்குமுன் நுவரெலியா, அம்பகமுவ என்னும் பெரிய பிரதேச சபைகள் பிரிக்கப்பட்டு, கொட்டகலை, அக்கரப்பத்தனை, நோர்வூட், மஸ்கெலியா ஆகிய இடங்களுக்குந் தனிச் சபைகள் அமைந்தன.

2025ஆம் ஆண்டு மே மாதம் 6ஆந் திகதி உள்ளூராட்சித் தேர்தல் நடைபெற்றபோது, நுவரெலியா மாநகர சபைக்கும், ஹற்றன் – டிக்கோயா நகர சபைக்கும், பிரதேச சபைகளுக்கும் மக்கள் வாக்களித்தனர். மாநகரத்தின் மேயரைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதும். சிறிய பிரதேச சபை ஒன்றின் தவிசாளரைப் பற்றி எவரும் எழுதார். ஆயின், லயத்துக்கு வரும் தண்ணீர்க் குழாயும், பிள்ளைகள் பள்ளிக்குச் செல்லும் மண்பாதையும், மழையிற் சரியும் மண்மேடும் அச்சிறிய சபையையே நோக்கி நிற்கின்றன. அச்சபையில் ஒரு வாக்கு எத்தகைய விலைக்குப் பெறப்பட்டது என்பதை அறிந்தவர், அதனைச் சாராயத்துக்கும் சாதிக்கும் விற்கமாட்டார்.

நடேசையர் செல்வராகப் பிறந்திலர், செல்வராக இறந்ததுமில்லை. தாம் பிறந்த நாட்டிலே வசதியாக வாழ்ந்திருக்கத்தக்க கல்வியை, வேற்று நாட்டின் பனிமலையிலே, தம் பெயரையும் எழுதத் தெரியாத மக்களுக்குக் கையளித்தவர் அவர். எமது கல்லூரி வாழ்த்தி அனுப்பும் இளைஞர் நாளை ஆசிரியராகவோ, நியாயவாதியாகவோ, ஒரு சபையின் செயலாளராகவோ மலைநாட்டுக்குச் செல்லக்கூடும். அங்கே தம் முன்னே வந்து நிற்பவர் எவ்விடத்தவர் என்று வினவாது, அவரது உரிமை யாதென்று வினவும் பண்பை அவர்கள் கைக்கொள்வாராயின், நடேசையருக்கு நாம் எழுப்பத்தக்க ஞாபகச் சின்னம் அதனின் வேறில்லை. அவர் நாமம் வாழ்க! அவர் வாதாடிய மக்கள் தம் ஊரில் ஊரவராய் வாழ்க!